அயர்லாந்தின் மேற்குக் கடற்கரை, தனி டிரைவருடன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டி, வடக்கே டொனெகலில் தொடங்கி தெற்கே கார்க் கவுண்டியின் கின்சேல் வரை சுமார் 2,500 கிலோமீட்டருக்கு ஒரு கடலோரப் பாதை போகிறது. 2014-இல் அதற்கு 'வைல்ட் அட்லாண்டிக் வே' என்று பெயர் சூட்டி, வழிநெடுக அலைக் குறி போட்ட பலகைகளை நட்டார்கள். இந்தப் பக்கம் அந்தப் பாதையின் தென்பாதியில் இருக்கும் கிளேர், கெர்ரி கவுண்டிகளைப் பற்றியது. பெற்றோர், பிள்ளைகள் என்று குடும்பமாகப் போகிறவர்கள் ஒரு வண்டியும் டிரைவரும் ஏற்பாடு செய்யலாமா என்று யோசிக்கும்போது கேட்கும் கேள்விகள் இவை.

நாமே கார் எடுத்து ஓட்டினால் ஆகாதா? அங்கேயும் இடது பக்கம்தானே?

தாராளமாக ஓட்டலாம். இடது பக்கப் போக்குவரத்து, வலது பக்க ஸ்டியரிங், எல்லாம் நமக்குப் பழகியதுதான். சிக்கல் சாலையின் அகலத்தில் இருக்கிறது. கெர்ரியில் உள்ள டிங்கிள் தீபகற்பத்தின் முனையைச் சுற்றும் ஸ்லீ ஹெட் சாலையில் பல இடங்களில் இரண்டு கார்கள் ஒன்றையொன்று தாண்ட முடியாது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் இடுப்பளவு கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் கடல். கிளென்ஃபாஹன் அருகே ஓர் ஓடை பாலத்துக்குக் கீழே போகாமல் சாலையின் மேலேயே குறுக்கே ஓடுகிறது. சக்கரம் அந்தத் தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். கொஞ்ச தூரத்திலேயே ஒரு வளைவில் வெள்ளைச் சிலுவைச் சிலை நிற்கும். படம் எடுக்க எல்லோரும் அங்கேதான் ஒதுங்குவார்கள், நெரிசலும் அங்கேதான். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். எந்த மடக்கில் ஒதுங்க இடம் இருக்கிறது என்பது உள்ளூர்க்காரருக்கு மனப்பாடம். அவர் பேச்சை நிறுத்தாமலே வண்டியைப் பின்னால் எடுத்து ஓரம் கட்டுவார். தாண்டிப் போகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார். நன்றியும் வணக்கமும் அந்த ஒரு விரலில் முடிந்துவிடும்.

இதெல்லாம் பழகிக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் ஓட்டுகிறவர் கடலைப் பார்க்க மாட்டார், சாலையைத்தான் பார்ப்பார். குடும்பத்தில் ஒருவர் மட்டும் அந்தக் கரையைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. தனி டிரைவர் வைத்துக்கொள்ள நான் சொல்லும் முதல் காரணம் இதுதான்.

டிரைவர், டிரைவர்-கைடு, இரண்டும் ஒன்றா?

இல்லை. வெறும் டிரைவர் சொன்ன இடத்துக்குக் கொண்டுபோய் விட்டு, காத்திருந்து, ஏற்றிக்கொண்டு வருவார். டிரைவர்-கைடு கதை சொல்வார், வழியை மாற்றுவார், எங்கே டீ நன்றாக இருக்கும் என்றும் சொல்வார். விலையும் கூடும். அயர்லாந்தின் சுற்றுலா வளர்ச்சி அமைப்பான ஃபால்ட்யா அயர்லாந்து அங்கீகரித்த பயிற்சியை முடித்த கைடுகளுக்கு பேட்ஜ் உண்டு. முன்பதிவின்போது அதைக் கேட்கலாம். பேட்ஜ் இல்லாத உள்ளூர்க்காரர்களிலும் அருமையான ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் கைடு என்று சொல்லிக் கூடுதலாக வாங்கினால் எதன் பேரில் என்று கேட்பதில் தப்பில்லை.

எத்தனை நாள் வேண்டும்? எந்த வழி?

கிளேரும் கெர்ரியும் சேர்த்து நான்கு நாள் என்றால் நிம்மதியாகப் பார்க்கலாம். ஷானன் விமான நிலையத்தில் இறங்குவது வசதி. அங்கிருந்து மோஹர் செங்குத்துப் பாறைகள் சுமார் ஒரு மணி நேரம்தான்.

முதல் நாள் பர்ரன் பகுதியும் மோஹரும். பர்ரன் என்பது மைல்கணக்கில் விரியும் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறைத் தளம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே முளைக்காத இடம் என்று தோன்றும். குனிந்து பார்த்தால் பாறை வெடிப்புகளுக்குள் பூச்செடிகள். மே மாதத்தில் நீல ஜென்ஷியன் பூ அங்கே பூத்திருக்கும். பௌல்னப்ரோன் என்ற 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான கல் கல்லறையும் அங்கேதான், சாலையிலிருந்து சிறு நடையில். மோஹர் மிக உயரமான இடத்தில் 214 மீட்டர். அங்கே நிற்கும் ஓ'பிரையன் கோபுரம் 1835-இல் கட்டியது. டப்ளினிலிருந்து வரும் பேருந்துகள் நண்பகலை ஒட்டி வந்து குவியும். கோடையில் மாலை ஐந்துக்கு மேல் போங்கள். பாறைகள் மேற்கு பார்த்தவை, சாயும் வெயில் நேராக அவற்றின் மேல் விழும்.

இரண்டாம் நாள் தெற்கே இறங்கி, லூப் ஹெட் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு, கில்லிமரில் கார் ஃபெர்ரி ஏறுங்கள். ஷானன் முகத்துவாரத்தை இருபது நிமிடத்தில் கடந்து டார்பர்ட்டில் இறக்கிவிடும். தரைவழியாக லிமரிக்கைச் சுற்றி வந்தால் 100 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். மாலைக்குள் டிங்கிள் போய்ச் சேரலாம்.

மூன்றாம் நாள் ஸ்லீ ஹெட். ஏறக்குறைய 47 கிலோமீட்டர் வட்டம்தான், இரண்டு மணி நேரத்தில் சுற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள், முழு நாளையும் கொடுங்கள். டன்குவின் படகுத்துறைக்கு இறங்கும் பாதையை மேலே நின்று பாருங்கள்: சிமென்ட்டில் மடிந்து மடிந்து பாறைக்கு இடையே இறங்கி, கடலில் போய் நிற்கும். எதிரே தெரிவது கிரேட் பிளாஸ்கெட் தீவு. அங்கே எஞ்சியிருந்த சில குடும்பங்களை 1953-இல் அரசாங்கம் இந்தக் கரைக்குக் குடிபெயர்த்தது. கடல் கொந்தளித்தால் வாரக்கணக்கில் டாக்டரும் வர முடியாது, பாதிரியாரும் வர முடியாது. இளையவர்கள் ஏற்கெனவே அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். அந்தச் சின்னத் தீவில் இருந்து ஐரிஷ் மொழியில் வந்த வாழ்க்கை வரலாறுகள் இன்றும் படிக்கப்படுகின்றன. டன்குவினில் உள்ள பிளாஸ்கெட் மையத்துக்குள் போய்விட்டு வெளியே வந்து மறுபடி தீவைப் பாருங்கள், வேறு இடமாகத் தெரியும். அப்புறம் கல்லாரஸ் சிறுகோவில். சாந்து இல்லாமல் கல்லைக் கல்லின் மேல் அடுக்கி, கவிழ்த்த படகின் வடிவில் கூரை வரை கொண்டுபோயிருக்கிறார்கள்.

நான்காம் நாள் ரிங் ஆஃப் கெர்ரி, டிங்கிளுக்குத் தெற்கே உள்ள ஐவெராக் தீபகற்பத்தைச் சுற்றும் 179 கிலோமீட்டர் சாலை. முழுதாகச் சுற்ற ஆசைப்படாமல், மேற்கு முனையில் போர்ட்மகீ, வலென்ஷியா தீவு ஆகியவற்றுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். அட்லாண்டிக்கைக் கடந்த முதல் தந்திக் கம்பி 1858-இல் கரை தொட்டது வலென்ஷியாவில்தான். அந்தக் கம்பி சில வாரங்களில் செத்துப்போனது; நிலைத்து வேலை செய்த கம்பி 1866-இல் வந்தது.

டப்ளினில் தங்கி, ஒரே நாளில் மோஹர் போய் வர முடியாதா?

முடியும். ஆனால் போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வர மூன்று மணி நேரத்துக்கு மேல், அதில் பெரும்பகுதி மோட்டார்வே. தனி வண்டிக்குக் கொடுக்கும் பணம் நெடுஞ்சாலைக்கே போய்விடும். அதற்குப் பதில் டப்ளின் ஹ்யூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறிக் கால்வேக்கோ கில்லார்னிக்கோ போய், டிரைவரை அங்கே வரச் சொல்லுங்கள். கால்வே இரண்டரை மணி நேரம், கில்லார்னி மூன்றேகால் மணி நேரத்தை ஒட்டி. கில்லார்னிக்குப் பெரும்பாலும் மாலோவில் வண்டி மாற வேண்டும். ஒரு நாள் டிரைவர் கூலி மிச்சமாகும், வீட்டுப் பெரியவர்களுக்கும் ரயிலில் கால் நீட்ட இடம் இருக்கும்.

மழை பெய்தால் என்ன செய்வது?

பெய்யும். அந்தக் கரை அட்லாண்டிக் காற்றுக்கு நேரே நிற்கிறது. ஆனால் நாள் முழுக்க ஒரே மாதிரி பெய்வது குறைவு. காலையில் மூடுபனி, பதினொன்றுக்கு வெயில், மதியம் சாரல், மறுபடி வெயில் என்று ஒரே நாளில் எல்லாம் வரும். மலைக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில் என்பதும் சாதாரணம்.

தனி டிரைவரின் மதிப்பு முழுதாகத் தெரிவது இங்கேதான். பேருந்துச் சுற்றுலாவில் மோஹருக்குப் பதினோரு மணி என்றால் பதினோரு மணிதான். மூடுபனி கவிழ்ந்து எதிரே கையளவு வெள்ளை மட்டும் தெரிந்தாலும் அப்படியே பார்த்துவிட்டு ஏற வேண்டும். தனி வண்டியில் அப்படியில்லை. டிரைவர் காலையில் வானத்தையும் வானிலைத் துறையான மெட் ஏரனின் ரேடார் படத்தையும் பார்த்துவிட்டு, "முதலில் பர்ரன் போவோம், பனி விலகினதும் பாறைக்கு வருவோம்" என்பார். அவர் சொன்னால் சரி என்று விடுங்கள். அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்குப் பார்ப்பவர்கள் தனி வண்டிக்குப் பணம் கொடுத்து அதன் முழுப் பலனை இழக்கிறார்கள். ஒரு நாளுக்கு ஒரு தீபகற்பம், அதில் கட்டாயம் பார்க்க வேண்டியவை இரண்டோ மூன்றோ. வரிசையை டிரைவரிடம் விட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனையைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மெட் ஏரன் ஆரஞ்சு அல்லது சிவப்புக் காற்று எச்சரிக்கை விட்டால் மட்டும் வேறு பேச்சில்லை. பாறை விளிம்புக்கும் போகக் கூடாது, கடலோரச் சாலைக்கும் போகக் கூடாது.

வண்டியில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும்?

ஸ்லீ ஹெட் சாலையைக் கடிகாரச் சுற்றில் போவது வழக்கம். அப்படிப் போனால் கடல் இடது பக்கம். முன் இருக்கைப் பயணிக்கு முதல் தரமான காட்சி. ரிங் ஆஃப் கெர்ரியில் பெரிய பேருந்துகள் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் போகும். நீங்களும் அப்படியே போனால் கடல் வலது பக்கம், டிரைவருக்குப் பின்னால் இருப்பவருக்கு யோகம். மதிய உணவுக்குப் பிறகு இடம் மாறிக்கொள்வது நல்லது. பிள்ளைகளுக்குள் சண்டையும் வராது.

எந்த மாதம்?

மே, ஜூன், செப்டம்பர். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் கடற்கரைக்குப் போகலாம். டிசம்பரில் மாலை நாலரை வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். பஃபின் பறவையைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலைக்குள் போய்விடுங்கள், ஆகஸ்டில் அவை கடலுக்குத் திரும்பியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும்.

ஸ்கெல்லிக் மைக்கேல் தீவுக்கும் டிரைவர் ஏற்பாடு செய்வாரா?

படகுத்துறை வரைதான் டிரைவர். கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் நிற்கும் பாறைத் தீவு அது. ஆதிகாலத் துறவிகள் அங்கே கல் குடில்கள் கட்டி வாழ்ந்தார்கள். 1996-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கரையிறக்கும் படகுகள் மே நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான், ஒரு நாளைக்கு மிகச் சிலருக்குத்தான் இடம், பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். ஏறினால் 618 கல் படிகள், கைப்பிடி கிடையாது, தீவில் கழிப்பறையும் கிடையாது. மூட்டுவலி உள்ளவர்கள், உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள், சிறு பிள்ளைகள் வேண்டாம். தீவில் இறங்காமல் படகிலேயே சுற்றிக் காட்டும் பயணம் தனியாக உண்டு. அலை பெரிதாக இருந்தால் அன்று காலையில்கூட ரத்தாகும். அதனால் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். மாற்றுவதற்கு ஒரு நாளாவது கையில் இருக்கட்டும்.

எந்த அளவு வண்டி எடுக்க வேண்டும்?

மூன்று பேர் வரை கார். அதற்கு மேல் ஏழு அல்லது எட்டு இருக்கை வேன். பெட்டிகளின் எண்ணிக்கையைத் தவறாமல் சொல்லுங்கள். ஏழு பேரும் ஏழு பெரிய பெட்டியும் ஏழு இருக்கை வண்டியில் அடங்காது.

ஒரு முக்கியமான விஷயம். டிங்கிளுக்கு வடக்கே கோனர் பாஸ் என்ற மலைக் கணவாய் இருக்கிறது. உச்சியில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். அந்தச் சாலையில் 2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதி இல்லை. வழக்கமாக அனுப்பப்படும் மெர்சிடிஸ் வி-கிளாஸ் வகை வேன்கள் அந்த எடையைத் தாண்டியவை. கணவாய் கட்டாயம் வேண்டுமென்றால் அதை முன்பே சொல்லிக் கார் கேளுங்கள்.

பத்துப் பதினைந்து பேர் என்றால் மினிபஸ். டிரைவரையும் சேர்த்து ஒன்பது இருக்கைக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஐரோப்பிய ஓய்வு விதிகள் பொருந்தும்: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை, ஒரு நாளைக்குப் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. "இன்னும் ஓர் இடம் மட்டும்" என்று கெஞ்சினாலும் அவர் மறுப்பார், மறுக்கத்தான் வேண்டும்.

டிரைவர் முறையாக உரிமம் பெற்றவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எட்டுப் பயணிகள் வரை ஏற்றும் வாடகை வண்டிகளுக்கு அயர்லாந்தின் தேசியப் போக்குவரத்து ஆணையம் உரிமம் கொடுக்கிறது. வண்டிக்கு ஓர் உரிமம், டிரைவருக்குத் தனி உரிமம், இரண்டும் இருக்க வேண்டும். சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் 'லிமோசின்' என்ற பிரிவில் வரும். பெயரைக் கேட்டு நீள வண்டி என்று நினைக்க வேண்டாம்; கூரைப் பலகையும் மீட்டரும் இல்லாமல், முன்பே பேசிய விலைக்கு ஓடும் வண்டி என்றுதான் அர்த்தம். ஆணையத்தின் 'டிரைவர் செக்' செயலியில் உரிமத்தைச் சரிபார்க்கலாம். "நண்பர் ஒருவர் காருடன் வருவார், கம்மி விலை" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது.

செலவு எப்படிக் கணக்கிடுவார்கள்? டிப்ஸ்?

ஆள் கணக்கு இல்லை, வண்டிக் கணக்கு. ஒரு முழு நாளுக்குப் பல நூறு யூரோ ஆகும். ஆறு பேர் பகிர்ந்தால் நியாயமாகத் தோன்றும், இருவருக்குக் கனமாகத்தான் இருக்கும். இருவர் மட்டும் என்றால் எல்லா நாளும் டிரைவர் வேண்டாம், ஸ்லீ ஹெட் நாளுக்கு மட்டும் டிங்கிளில் உள்ளூர் டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை கேட்கும்போது எது அடக்கம் என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்: எரிபொருள், ஃபெர்ரி, பார்க்கிங், நுழைவுச் சீட்டு, வரி. பல நாள் பயணமென்றால் டிரைவரின் தங்குமிடமும் சாப்பாடும் யார் பொறுப்பு என்பது மிக முக்கியம். கோடையில் டிங்கிளில் ஓர் அறை கிடைப்பதே கடினம், அவருக்கும் அறை வேண்டும் அல்லவா? அப்புறம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், அதற்கு மேல் போனால் மணிக்கு எவ்வளவு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்றும் கேளுங்கள்.

டிப்ஸ் கட்டாயமில்லை. நன்றாகக் கவனித்துக்கொண்டால் கடைசி நாளில் பத்து சதவீதத்தை ஒட்டிக் கொடுப்பது மரியாதை. அவரைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள், அங்கே வயதானவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கூட அழைத்தால் சில டிரைவர்கள் வருவார்கள், சிலர் தனியே போய்ச் சாப்பிட விரும்புவார்கள். வற்புறுத்த வேண்டாம்.

வயதான பெற்றோரையும் சிறு பிள்ளைகளையும் கூட்டிப் போகலாமா?

தனி வண்டி அவர்களுக்காகத்தான். வாசலில் இறக்கி வாசலில் ஏற்றலாம், கழிப்பறைக்கு நினைத்த இடத்தில் நிறுத்தலாம். மோஹரில் கோபுரப் பக்கம் சீரான பாதை உண்டு. டன்குவின் படகுத்துறையை மேலிருந்து பார்த்தால் போதும், இறங்கி ஏறுவது மூச்சு வாங்கும்.

கொடைக்கானல் ஏறும்போது தலைசுற்றுகிறவர்களுக்கு இந்தச் சாலைகளிலும் சுற்றும். முன் இருக்கையைக் கொடுங்கள், காலையில் வயிறு முட்டச் சாப்பிட விடாதீர்கள், டிரைவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். 150 சென்டிமீட்டருக்கும் 36 கிலோவுக்கும் குறைவான பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை போட வேண்டும். வயது, உயரம், எடையை முன்பே எழுதி அனுப்புங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் வகை குறைவு. ஊர்ப்புற பப்களில் காய்கறி சூப்பும் பழுப்பு ரொட்டியும் வெண்ணெயும் எங்கும் உண்டு, சூடாக வயிறு நிறையும். சூப் கோழிச் சாற்றில் செய்ததா என்று கேளுங்கள். உருளைக்கிழங்கு வறுவலை மீன் பொரித்த எண்ணெயிலேயே போடுவார்கள், சில கடைகளில் மாட்டுக் கொழுப்பிலும் பொரிப்பார்கள். இதைப் பார்ப்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சமையலறையை இரவு ஒன்பது மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள். "மெதுவாகப் போவோம்" என்று ஒன்பதரைக்குப் போனால் பொட்டலச் சிப்ஸ்தான் மிச்சம். ஊறுகாயும் உடனடிச் சாதப் பொட்டலமும் பெட்டியில் இருப்பது நல்லது. அசைவர்களுக்குக் கவலையே இல்லை: டிங்கிளில் அன்று பிடித்த மீன், கரையோரமெங்கும் சிப்பி, நண்டு.

வழிப் பலகைகள் வேறு மொழியில் இருக்கின்றனவே?

டிங்கிள் தீபகற்பத்தின் மேற்குப் பகுதி ஐரிஷ் மொழி பேசும் 'கேல்டாக்ட்' பகுதி. அங்கே ஊர்ப் பெயர்களை ஐரிஷில் மட்டும் எழுதியிருப்பார்கள். டிங்கிளையே சில பலகைகளில் 'அன் டாங்கன்' என்று பார்க்கலாம். கடையில் எல்லோரும் ஆங்கிலமும் பேசுவார்கள். ஆனால் தங்களுக்குள் பேசும் மொழி வேறு. டிரைவரை ஒரு சொல் சொல்லித் தரச் சொல்லிக் கேளுங்கள், மகிழ்ந்துபோவார்.

விசா?

அயர்லாந்து ஷெங்கன் பகுதியில் இல்லை. ஷெங்கன் விசா அங்கே செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் அயர்லாந்து விசா எடுக்க வேண்டும். பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் கூட்டு விசாத் திட்டத்தில் இந்தியர்கள் ஒரே விசாவில் இரண்டு நாடும் போகலாம். அதற்கு விசாவில் அந்தக் குறிப்பு அச்சாகியிருக்க வேண்டும், விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும்.

ஜயன்ட்ஸ் காஸ்வேயையும் சேர்த்துக்கொள்ளலாமா?

எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கல்தூண்கள் நிறைந்த அந்தக் கடற்கரை தீவின் மறுகோடியில், வட அயர்லாந்தில் இருக்கிறது. கெர்ரியுடன் ஒட்டவைக்காதீர்கள், தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் சோதனைச் சாவடி எதுவும் கிடையாது, ஆனாலும் அது பிரிட்டன். விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால் அங்கே செல்லுபடியாகும் விசா கையில் இருக்க வேண்டும். காசும் பவுண்டு.

முதல் மின்னஞ்சலில் என்னவெல்லாம் எழுத வேண்டும்?

தேதி, ஆட்கள், வயது, பெட்டிகள், எங்கே ஏறி எங்கே இறங்குவது, யாருக்கு நடக்கச் சிரமம், சாப்பாட்டுக் கட்டுப்பாடு. அப்புறம் உங்களுக்கு எதில் ஆசை என்று இரண்டு வரி: பறவையா, பழைய கல்லா, புகைப்படமா, சும்மா கடற்கரையில் நடப்பதா. இடங்களின் பட்டியலை அனுப்புவதைவிட இது பயன்படும். நல்ல டிரைவர் அதற்குப் பதிலாகக் கேள்விகள் கேட்டு எழுதுவார். விலையை மட்டும் ஒரே வரியில் எழுதி அனுப்புகிறவரை விட்டு அடுத்தவரிடம் போங்கள். கோடைக்கு என்றால் பிப்ரவரியிலேயே எழுதிவிடுங்கள். நல்லவர்கள் முதலில் நிரம்பிவிடுவார்கள்.